நாற்பத்தோரு பேருக்கும் திறக்காத பூட்டு

தேர்வு மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியும் ஜன்னலோர மேசை ஒன்று காலியாகவே இருந்தது. மற்ற நாற்பத்தோரு மேசைகளிலும் தலைகள் கவிழ்ந்துவிட்டன. விரிவுரையாளர் மிச்சமிருந்த ஒற்றைக் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நின்றார். அந்த மேசைக்கு உரியவள் வகுப்பிலேயே மூத்தவள். முப்பத்து நான்கு வயதில் பட்டப்படிப்புக்கு வந்து சேர்ந்தவள். வகுப்பு முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் விரிவுரையாளரும் வாய் தவறி, “அக்கா, நீங்க சொல்லுங்க” என்றுவிட, சிரிப்பு அடங்குவதற்குள் அன்றைய பாடவேளையே முடிந்துபோனது.

அவள் வராமலே இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். வந்தாள். மணி அடிப்பதற்கு முன்பு ஜன்னல் வழியாக அவர் பார்த்தார். சைக்கிள் நிறுத்துமிடத்தில் தோளில் பையோடு நின்று கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லை என்பது அவள் பெடலை மிதித்த வேகத்திலேயே தெரிந்தது.

அவருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நெட்வொர்க் பாதுகாப்பும் மறையாக்கமும் என்ற அந்த அறிமுகப் பாடத்தை அவர் ஆறு வருடமாக நடத்துகிறார். ஆறு வருடமும் தற்காலிக வேலைதான். ஆண்டுதோறும் கடிதம் வரும், இன்னும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது என்று. இந்த முறைதான் நிரந்தரப் பணிக்கு நேர்காணல் வைத்திருந்தார்கள். பத்து நாளில் நேர்காணல். இந்த நேரம் பார்த்து, எந்த மாணவியைப் பற்றித் துறைத் தலைவரிடம் வாய் ஓயாமல் பெருமை பேசியிருந்தாரோ, அவளே தேர்வுக்கு முதுகைக் காட்டிவிட்டாள். இந்தத் தாளை விட்டால் அடுத்த வருடம்தான் மறுபடி எழுத முடியும். மருத்துவச் சான்று இருந்தால் மட்டும் ஒரு மாதத்தில் தனித்தேர்வு வைப்பார்கள்.

மனிதர் நல்லவர்தான். கொஞ்சம் மிதப்பு உண்டு, அவ்வளவுதான். மாணவர்கள் அவருக்கு ‘ஒரே தடவை சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும்போது கொடுக்கும் தொடக்க எண்ணை ஒரே தடவைதான் பயன்படுத்த வேண்டும் என்று வகுப்புக்கு மூன்று முறையாவது சொல்லாமல் விடமாட்டார். அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அந்த உபயத்தில், “ஒரு ஆளுக்குக் குத்தின ஊசியை இன்னொரு ஆளுக்குக் குத்துவாங்களா? அதே மாதிரிதான் இதுவும்” என்ற உதாரணமும் ஆறு வருடமாக மாறாமல் வரும். முன் வரிசைப் பையன்கள் அவர் வாய் திறக்கும்போதே ஊசி குத்துவதுபோல் கையைக் காட்டுவார்கள்.

தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, நேரே அக்கா வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்குப் போனார். ஒரு விரிவுரையாளர் மாணவியைத் தேடிக் கடைக்குப் போவது வழக்கமில்லை என்பது வாசற்படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. அதற்குள் கதவில் இருந்த மணி ஒலித்துவிட்டது.

கடைக்குள் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். பின்பக்கத் தடுப்புக்கு அப்பால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் தண்ணீரைச் சிதறிக்கொண்டு ஓடியது. அதன் முன்னால் நீல மேலங்கியோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து இயந்திரத்தை நிறுத்தினாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார், கடையில் வேறு யாரும் இல்லை.

“என்னம்மா இது? வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனா என்ன அர்த்தம்?”

“பார்த்துட்டீங்களா சார்?”

“பார்த்தேன். பயமா? உங்களுக்கே பயம்னா அந்தப் பசங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?”

“பயம் இல்ல சார்.” அவள் மேலங்கியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். “மொத கேள்வி, சாவியை நேர்ல பார்க்காத ரெண்டு பேர் எப்படிப் பகிர்ந்துக்கறது. ரெண்டாவது, பாஸ்வேர்டை அப்படியே சேமிச்சு வச்சா என்ன ஆபத்து. நாலாவதுல ஒரு சின்ன கணக்கு. கடைசிக் கேள்விக்கு மட்டும் இருபது மார்க்கு. சரியா சார்?”

சரிதான். அச்சுப் பிசகாமல் சரி. ஆனால் தேர்வு முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

“யார் சொன்னா? பசங்க போன் பண்ணாங்களா?”

“இல்ல சார். நாலு நாளா எனக்குத் தெரியும்.”

அவர் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா சொன்னதைப் புரிந்துகொள்ள, ஒரு மாதம் பின்னால் போக வேண்டும். வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்திருந்தார். கல்லூரிக் கணினி லேபில் உட்கார்ந்து, அந்த அறையின் நெட்வொர்க்கில் பத்து நிமிடம் ஓடுகிற தகவல்களை எல்லாம் பிடித்துச் சேமித்து, எது எது வெளிப்படையாகப் போகிறது, எது பூட்டிப் போகிறது என்று பிரித்து எழுத வேண்டும். மூன்றாம் பகுதியில், பூட்டியவற்றைத் திறக்க முயன்று என்ன நடந்தது என்று எழுத வேண்டும். இதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். மிதப்பு யாரை விட்டது? சரியாக அந்தப் பத்து நிமிடத்தில், வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தேர்வு அலுவலகத்துக்கு இரண்டு ஃபைல்களை அனுப்பினார். ஒன்று மாதிரி வினாத்தாள். இன்னொன்று உண்மையான வினாத்தாள். இரண்டும் அவரே எழுதிய கணினி நிரலால் பூட்டியவை. “கேள்வித்தாளையே உங்க கண்ணு முன்னாடி அனுப்பறேன். பிடிச்சுக்கோங்க. வருஷம் முழுக்க வச்சுப் பார்த்தாலும் ஒரு எழுத்து வராது. அதுதான் இந்தப் பாடம்” என்று மேசையைத் தட்டிச் சொன்னார். வகுப்பு ஓவென்று கத்தியது. பிறகு மாதிரி வினாத்தாளை, எப்போதும்போல், எல்லோருக்கும் வெளிப்படையாகக் கொடுத்துவிட்டார்.

“நீங்க முயற்சி பண்ணச் சொன்னீங்க. மூணாம் பகுதிக்கு ஏதாவது எழுதணுமேன்னு உட்கார்ந்தேன்,” என்றாள் அக்கா. “ரெண்டு ஃபைலும் ஒரே நாள் பூட்டினது. தப்பித் தவறி ரெண்டுக்கும் தொடக்க எண் ஒண்ணாவே இருந்தா என்ன ஆகும்னு தோணிச்சு. அப்படி இருக்காது, நீங்க அவ்வளவு தடவை சொன்னவர். இருந்தாலும், இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி பார்த்துடலாம்னு பார்த்தேன். மாதிரித் தாள்தான் கையில இருக்கே. அதைப் பூட்டின ஃபைல்லேருந்து கழிச்சேன். வந்த எண் வரிசையை மத்த ஃபைல் மேல போட்டேன். மொத்தமா வந்துடுச்சு சார். மூடறதுக்குள்ள எட்டு கேள்வியும் கண்ணுல பட்டுடுச்சு.”

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே!”

“ரெண்டு தடவை வந்தேன். மொத நாள் நீங்க கதவைச் சாத்திக்கிட்டு நேர்காணலுக்குப் பேசிப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. மறுநாள் துறைத் தலைவர் உங்க முதுகுல தட்டிக்கிட்டிருந்தார். ‘ஆறு வருஷம் இழுத்தடிச்சுட்டோம்யா, இனிமே நீ நம்ம ஆளு’ன்னார். நீங்க சிரிச்ச சிரிப்பைப் பார்த்தேன். உள்ள வர முடியல.”

“சரி, தேர்வையாவது எழுதியிருக்கலாம். தெரியாத மாதிரி.”

“படிச்சதை எப்படி சார் மறக்கறது?” என்றாள். “எழுதினா திருட்டு. சொன்னா உங்க வேலை போகும். எழுதாம விட்டா எனக்கு ஒரு வருஷம். மூணுல இதுதான் யாருக்கும் கெடுதல் இல்லாததுன்னு தோணிச்சு.”

யாருக்கும் கெடுதல் இல்லாததாம். வாரத்தில் இரண்டு நாள் படிப்புக்கென்று முதலாளி அவளுக்கு விடுப்புக் கொடுப்பது இந்த வருடத்தோடு முடிகிறது என்று அவருக்குத் தெரியும். அவளுடைய மகள் பள்ளியிலிருந்து வந்ததும், இருவரும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படிப்பார்கள் என்றும் வகுப்பில் ஒரு நாள் சொல்லியிருக்கிறாள்.

“இருங்க, இருங்க. இதுக்கு ஒரு வழி இருக்கு,” என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “காய்ச்சல்னு ஒரு சான்று வாங்கிடலாம். தனித்தேர்வுக்கு வேற தாள் போடறேன். உங்களுக்கும் நஷ்டமில்ல.”

“பொய்க் காய்ச்சலுக்கு எந்த டாக்டரைத் தேடறது சார்?”

“அதை நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நேரே கல்லூரி லேபுக்குப் போய்த் தன் நிரலைத் திறந்தார். மறையாக்கம் என்று பெரிதாகப் பேசினாலும் உள்ளே நடப்பது ஒரு வகைக் கலவைதான். பாஸ்வேர்டையும் ஒரு தொடக்க எண்ணையும் வைத்துக் கணினி நீண்ட எண் வரிசை ஒன்றை உண்டாக்கும். தாளின் ஒவ்வோர் எழுத்தும் வரிசையில் ஓர் எண்ணோடு கலந்துவிடும். வரிசை தெரியாதவனுக்கு அது வெறும் குப்பை. பாஸ்வேர்டு ஒன்றாகவே இருந்தாலும், தொடக்க எண்ணை மாற்றினால் வரிசையும் மாறிவிடும். மாற்றாவிட்டால் இரண்டு தாளுக்கும் ஒரே வரிசை. ஒரு தாள் தெரிந்தவன் மற்றதையும் படித்துவிடலாம். இதைத்தான் ஆறு வருடமாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார். நிரலின் பதினேழாவது வரியில் தொடக்க எண் பூஜ்யம் என்று இருந்தது. நிரல் ஓடுகிறதா என்று சோதிப்பதற்காக வைத்த பூஜ்யம். பக்கத்திலேயே அவர் கையால் ஒரு குறிப்பு: ‘பிறகு மாற்ற வேண்டும்.’

வெட்கமாக இருந்தது. வேறு எந்தத் தவறு செய்திருந்தாலும் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துவைத்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார், கொஞ்சம் பூசி மெழுகித்தான். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

“உங்க லேப் தாள்ல ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு. காய்ச்சல்னு தெரியற மாதிரி. அது இருந்தா நம்ம தெருமுனை டாக்டர் சான்று கொடுத்துடுவார்.”

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

“போன மாசம் எங்க லேப்ல ஒரு தட்டுல இருந்த ரத்தக் குப்பிங்கள்ல ஒட்டற பேர்ச் சீட்டு மாறிப் போச்சு. ஒண்ணுதான் மாறிச்சுன்னு நிச்சயமாத் தெரியும், எதுன்னுதான் தெரியல. என்ன பண்ணோம் தெரியுமா? அந்தத் தட்டுல இருந்த இருபத்து நாலு பேருக்கும் போன் போட்டு, மறுபடி வாங்க, ரத்தம் எடுக்கணும், தப்பு எங்களோடதுன்னு சொன்னோம்.”

“திட்டியிருப்பாங்களே?”

“திட்டாம? இன்னொரு தடவை ஊசி குத்தறது அவங்க கையிலதானே. ஒரு பெரியவர் என் பரம்பரையையே இழுத்துட்டார். கேட்டுக்கிட்டேன்.” அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “ஏங்க, அந்த வேலை உங்களுக்குக் கிடைக்கணும்னு உங்களைவிட எனக்கு ஆசை. ஒவ்வொரு வருஷமும் அந்தக் கடிதம் வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது. ஆனா என் கையால இப்படி ஒரு தாள் மட்டும் கேட்காதீங்க. அப்புறம் நான் கொடுக்கற எந்தத் தாளுக்கும் மதிப்பில்ல.”

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து மிச்சத் துணியை மடித்தார்கள்.

மறுநாள் காலை துறைக்கு வந்ததும், மேசையடியில் கிடந்த வீட்டுப்பாடக் கட்டை எடுத்தார். தேர்வுக்கு முந்தைய நாள் வந்த கட்டு அது. நேர்காணல் மும்முரத்தில் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வேறு யாராவது திறந்திருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். ஒருவரும் திறக்கவில்லை என்றால் விஷயம் மூன்று பேரோடு முடிந்துவிடும். மற்றவர்களின் தேர்வு சுத்தம்.

மூன்றாம் பகுதிகளை மட்டும் புரட்டினார். ‘முயன்றோம். திறக்கவில்லை.’ ‘ஆசிரியர் கூறியபடியே ஓர் எழுத்தும் வரவில்லை.’ ‘பல மணி நேரம் முயன்றும் திறக்கவில்லை, மறையாக்கத்தின் வலிமையை உணர்ந்தோம்.’ இந்தக் கடைசி வாக்கியம் பதினோரு பேரிடம் எழுத்து மாறாமல் இருந்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருவனும் முயலக்கூட இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது. அக்காவின் தாளில் முதல் இரண்டு பகுதிகளும் நிறைவாக இருந்தன, மூன்றாம் பகுதி வெற்றிடம். மொத்தம் நாற்பத்தோரு ‘திறக்கவில்லை’.

முதலில் பெருமூச்சு வந்தது. அப்பாடா. பின்னாலேயே எரிச்சல் வந்தது. பூட்டை உடையடா என்று கையில் சுத்தியலையும் கொடுத்தால், சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கைகட்டி நிற்கிறார்களே! சொன்னதை நம்பாதே, சோதித்துப் பார் என்பதுதான் இந்தப் பாடத்தின் முதல் வகுப்பு. அதைக் காதில் வாங்கியது ஒரே ஒருத்தி. அவளும் இப்போது தேர்வு எழுதாதவள்.

எரிச்சல் அடங்குவதற்குள் இன்னொன்று தோன்றியது. தோன்றியதும் உட்கார்ந்துவிட்டார். திறந்தவன் என்ன எழுதியிருப்பான்? திறந்து, கேள்விகளைப் பார்த்து, எழுதிப் பழகி, தேர்வுக்கு வந்தவன் மூன்றாம் பகுதியில் என்ன எழுதுவான்? இதையேதான் எழுதுவான். நாற்பத்தோரு வாக்கியமும் உண்மையாக இருக்கலாம். நாற்பது உண்மையாக இருக்கலாம். முப்பதுகூட இருக்கலாம். தாளை வைத்துச் சொல்ல முடியாது. நாளைக்கு விடைத்தாள் கட்டு கைக்கு வரும். நன்றாக எழுதிய ஒவ்வொருவனையும், உழைத்தானா, திருடினானா என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். தேறாது என்று நினைத்த பிள்ளை தேறியிருந்தால் சந்தோஷப்படக்கூட முடியாது. அப்படி ஒரு கட்டைத் திருத்தித்தான் நிரந்தர வேலையை வாங்க வேண்டும். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார்.

தேர்வு அதிகாரியின் அறைக்கு, நான்கு வரிக் கடிதமும், வகுப்புக்குத் தான் கொடுத்த வீட்டுப்பாடத் தாளின் பிரதியுமாகப் போனார். அதிகாரி கனத்த மனிதர். மேசையில் ரப்பர் முத்திரைகளை உயர வரிசைப்படி அடுக்கி வைத்திருப்பார். கடிதத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கு, கண்டுபிடிச்சவருக்கு, என் மனைவிக்கு. இப்ப உங்களுக்கு.”

“கதவைச் சாத்துய்யா.” சாத்தினார். “நாற்பத்தோரு பேரும் திறக்கலைன்னு எழுதிக் கொடுத்திருக்கானுங்க. எழுத்துல இருக்கு. அப்புறம் என்ன? வராத ஒரு ஆளுக்குத் தனித்தேர்வுக்கு நான் வழி பண்றேன். நீ நேர்காணலுக்கு நல்ல சட்டையா எடுத்துப் போட்டுக்கிட்டுப் போ. இந்தக் காகிதத்தை நான் பார்க்கவே இல்ல.”

சொல்லிவிட்டுக் கடிதத்தை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். அவருக்கு நல்லெண்ணம்தான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. விரிவுரையாளர் அந்தக் கடிதத்தைப் பார்த்தார். எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டால் போதும், வேறெதுவும் செய்ய வேண்டாம். கை அரை அங்குலம் நகர்ந்ததை அவரே பார்த்தார்.

“திறந்தவனும் அதையேதான் சார் எழுதுவான்,” என்றார்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “கண்டுபிடிச்சது யாரு?”

“பேர் வேண்டாம் சார்.”

“வந்தது நாற்பத்தொண்ணு, வராதது ஒண்ணு. எனக்கு எண்ணத் தெரியாதா? வினாத்தாளை உடைச்ச கேஸ்னு எடுத்தா அந்தப் பொண்ணு படிப்பே போயிடும், தெரியுமில்ல?”

“அதுக்குத்தான் சார் இந்தப் பிரதி.” வீட்டுப்பாடத் தாளை விரித்து மூன்றாம் பகுதியில் விரலை வைத்தார். “திறக்க முயலவும்னு நான் எழுதியிருக்கேன். கீழ என் கையெழுத்து. அவங்க வீட்டுப்பாடம் செஞ்சாங்க. வகுப்புலயே செஞ்சது அவங்க ஒருத்தர்தான்.”

அதிகாரி பெருமூச்சு விட்டபடி முத்திரைகளில் ஒன்றை எடுத்தார். கடிதத்தின் மேல் குத்தினார். பெறப்பட்டது என்று விழுந்தது.

அடுத்த நான்கு நாளில் எல்லாம் வரிசையாக நடந்தது. தேர்வு ரத்து. இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் மறுதேர்வு. கேள்வித்தாளை வெளியிலிருந்து ஒருவர் போடுவார். அறிவிப்புப் பலகை முன்னால் மாணவர்கள் அவரைக் கரித்துக் கொட்டினார்கள். ஒருவன் அவர் காதுபடவே, “ஊசி நமக்குத்தான்டா” என்றான். சிரிக்கவேண்டிய பேச்சுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். துறைத் தலைவர் கூப்பிட்டு, நேர்காணல் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள், இன்னும் ஓராண்டு தற்காலிகமாகத் தொடரலாம், அதுகூடத் தன் முயற்சியால்தான் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தார். மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். அழுதுகொண்டே, சரியாகத்தான் செய்தீர்கள் என்றாள். இரண்டும் உண்மை.

அன்று பிற்பகல் கண்ணாடிக் கடைக்குப் போனார். இந்த முறை முதலாளி முன்பக்கம் யாருக்கோ சட்டம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா தடுப்புக்குப் பின்னால் தேய்த்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறுதேர்வு வச்சுட்டாங்க. எல்லாருக்கும். உங்களுக்கும்தான்,” என்றார். “உங்க மேல எந்தக் குத்தமும் இல்லைன்னு எழுத்துல வாங்கியிருக்கேன்.”

அவள் முகம் மலரும் என்று நினைத்தார். அவள் லென்ஸை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“உங்க நேர்காணல்?”

“அது இல்லைன்னுட்டாங்க.”

“சொல்லிட்டீங்களா?” குரல் உயர்ந்தது. முன்னால் இருந்த முதலாளி திரும்பிப் பார்த்தார். அவள் கவலைப்படவில்லை. “நீங்களே போய்ச் சொல்லிட்டீங்களா? அப்ப நான் எதுக்கு சார் அந்த வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்தேன்? என் பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம இத்தனை நாளும் பொய் சொன்னேன். ஒரு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தேன் சார் உங்களுக்கு. அதைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு வந்திருக்கீங்க!”

கண்ணில் நீர் நின்றது, கோபத்தில்தான். ஒரு மாணவி ஆசிரியரிடம் பேசும் பேச்சா அது என்று யாரும் கேட்கலாம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்க்கையில் யாரும் அவருக்காக அவ்வளவு பெரிய ஒன்றைக் கொடுத்ததில்லை, கொடுத்ததற்காக இப்படிக் கோபப்பட்டதும் இல்லை.

“நீங்க கொடுத்ததை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா அந்த வகுப்புல போய் நிக்கறது?” என்றார். “ஒவ்வொரு நாளும் அந்த ஜன்னலோர மேசை காலியா இருக்கும். அதைப் பார்த்துக்கிட்டே, ஒரே தடவை, ஒரே தடவைன்னு பேச முடியுமா?”

அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். லென்ஸ் தூள் ஒட்டிய கையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது என்று அந்தக் கோபத்திலும் பழக்கம் விடவில்லை. பிறகு கேட்டாள்.

“புதுத் தாள் யார் போடறாங்க?”

“வெளி ஆள். எனக்குத் தெரியாது.”

“யார் பூட்டறாங்க?”

“அதுவும் நான் இல்ல.”

“நல்லவேளை,” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு அது. அவளும் சிரித்தாள். முதலாளி மறுபடியும் திரும்பிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் தனக்குப் புரியாத படிப்பு விவகாரம் என்று விட்டுவிட்டார்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்,” என்றார் விரிவுரையாளர். “அன்னிக்கு அது திறந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

அவள் யோசித்தாள். சொல்லலாமா என்று பார்ப்பது தெரிந்தது.

“கேள்வித்தாள்னு புரியறதுக்கு முன்னாடி ஒரு நொடி இருந்துச்சு சார். திரையில குப்பையா இருந்தது எழுத்தா மாறின நொடி. எழுந்து நின்னுட்டேன். அவ்வளவு சந்தோஷம். என் கல்யாணத்துக்குக்கூட அப்படி இருந்ததில்ல. உடனே யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. பொண்ணுகிட்ட சொன்னா புரியாது. பசங்ககிட்ட சொல்ல முடியாது. யார்கிட்ட சொல்லணும்னு நெனச்சுப் பார்த்தா, நீங்க ஒருத்தர்தான் ஞாபகத்துக்கு வந்தீங்க. உங்ககிட்டத்தான் சொல்லவே கூடாது.” கீழே வைத்த லென்ஸை நகர்த்தி வைத்தாள். “அதுதான் சார் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வருஷம் போனதுகூட அப்புறம்தான்.”

இயந்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாடிக்கையாளர் ஸ்டூலை இழுத்து அவள் மேசைக்கு அருகில் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“இப்பச் சொல்லுங்க,” என்றார். “எங்கேருந்து ஆரம்பிச்சீங்க? ஒண்ணையும் விடாம, மொதல்லேருந்து சொல்லுங்க.”

அக்கா கண் பார்வை அளவு எழுதும் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெறும் பக்கத்தில் இரண்டு நீளக் கட்டங்கள் வரைந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். முதல் மூன்று வாக்கியம் தயங்கித் தயங்கி வந்தது, பிறகு நிற்கவே இல்லை. அவர் நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.